பழைய புல்லட்டுக்கு ஆயில் பிரஷர் மீட்டர், டெம்பரேச்சர் மீட்டர் போடலாமா?

வெண்ணாற்றங்கரை (மன்னார்குடி பக்கம்)

வணக்கம். வண்டி 1996 காஸ்ட் அயர்ன் புல்லட் 350. 12 வோல்ட், பாயின்ட்ஸ், வலது கால் கியர். இன்ஜின் இன்னும் பிரிக்கவில்லை. புகை கிடையாது. தினசரி ஓட்டம் வயலுக்கு 4 கிலோமீட்டர், அதில் பாதி வாய்க்கால் கரை, முதல் ரெண்டு கியரிலேயே போகும், பல நாள் பின்னால் ஓர் உர மூட்டையும் இருக்கும். மாசத்துக்கு ஒருதரம் நாகப்பட்டினம் அல்லது தஞ்சாவூர்.

ராக்கர் பைப்பில் (ஹெட்டில் வால்வை அமுக்கும் ராக்கருக்கு ஆயில் போகும் குழாய்) மாட்டும் ஆயில் பிரஷர் மீட்டரும், டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் தண்டு) மூடிக்குப் பதிலாகப் போடும் டெம்பரேச்சர் மீட்டரும் கடையில் கிடைக்கின்றன. இரண்டும் போடலாமா, ஒன்று போதுமா? இன்னொரு சந்தேகம்: ஆயில் அளவு ஒரு நாள் பார்த்தால் சரியாக இருக்கிறது, நாலு நாள் நிறுத்திவிட்டுப் பார்த்தால் பாதிகூட இல்லை. வெளியே ஒழுகலும் இல்லை. மீட்டர் போட்டால் இது பிடிபடுமா?

டைமிங்கவர் (கும்பகோணம்)

பிரஷர் மீட்டரை விட்டுடுங்க. காரணம் இந்த இன்ஜின் செஞ்ச விதத்துலயே இருக்கு.

இது டிரை சம்ப். ஆயில் டேங்க்கு கிரேங்க் கேஸோட சேர்த்து வார்த்தது, ஆனா கிரேங்க் சுத்துற அறை வேற, டேங்க்கு வேற. ஃபீட் பம்ப் டேங்கிலேருந்து இழுத்து, ஃபெல்ட் ஃபில்டர் வழியா கிரேங்க் நுனிக்குள்ள தள்ளி, பிக் எண்ட் புஷ்ஷுக்கு (கனெக்டிங் ராடு கிரேங்கைப் பிடிக்கிற இடம்) அனுப்புது. அங்கேருந்து சிதறி அடியில விழுறதை ரிட்டர்ன் பம்ப் அள்ளி ராக்கருக்கு ஏத்துது. அது புஷ்ராடு பாதை வழியா டைமிங் பெட்டிக்கு இறங்கி, நிரம்பி வழிஞ்சு திரும்ப டேங்குக்குப் போகுது.

இப்ப அந்த கிட் மாட்டுற இடத்தைப் பாருங்க, ராக்கர் பைப் பேஞ்சோ போல்ட் (உள்ள துளை வழியா ஆயில் விடுற போல்ட்). அது ரிட்டர்ன் பம்ப் பக்கம். ஃபீட் பம்ப் தர்றதைவிட அதிகமா அள்ளுற மாதிரிதான் ரிட்டர்ன் பம்ப்பை வச்சிருக்கான், அதனால ஆயிலோட காத்தையும் சேர்த்து நுரையா தள்ளும். முள் ஆடிக்கிட்டே இருக்கும். காலையில குளிர்ந்த 20 டபிள்யூ 50 ஆயில்ல கொஞ்சம் ஏறி நிக்கும், சூடானதும் சைபர்கிட்ட படுத்துக்கும். ரெண்டுமே கோளாறு இல்ல. பிக் எண்டுக்குப் போற ஆயில் பாதியா குறைஞ்சாலும் அந்த முள்ளு அதைத் தனியா பிரிச்சுச் சொல்லாது. பயப்பட வேண்டாத அன்னிக்குப் பயமுறுத்தும், பயப்பட வேண்டிய அன்னிக்குச் சும்மா இருக்கும்.

இந்த இன்ஜின்ல பிக் எண்ட் பட்டினி கிடக்கிறது பெரும்பாலும் மனுஷன் கை பட்ட பிறகுதான். டைமிங் கவருக்கும் கிரேங்க் நுனிக்கும் நடுவுல ஒரு கார்க் சீல் இருக்கு. கவரைக் கழட்டி மாட்டுறப்ப பழசையே வச்சாலோ, சாய்ஞ்சு உக்காந்து கிழிஞ்சாலோ, பிக் எண்டுக்குப் போக வேண்டிய ஆயில் டைமிங் பெட்டிக்குள்ளயே கொட்டிடும். வெளியில ஒரு சொட்டு தெரியாது. கேஸ்கெட்டுக்குப் பதிலா சிலிக்கன் பேஸ்ட்டை அள்ளி அப்புறது இன்னொண்ணு. உள்பக்கம் பிதுங்கினது பிஞ்சு போய் ஆயில் துளையில நிக்கும். மூணாவது, பம்ப்பை ஓட்டுற வார்ம் நட். அது இடது மரை. தெரியாதவங்க சாதாரண மரைன்னு நினைச்சு "கழட்டுறேன்"னு இறுக்கி மரையைக் கெடுத்துடுவாங்க. அது தளர்ந்தா பம்ப் நின்னுடும்.

மீட்டர் இல்லாம பார்க்கிற வழி: இன்ஜினைச் சூடாக்கி ஐடிலிங்ல விடுங்க. ராக்கர் பைப்போட பேஞ்சோ போல்ட்டை ஒரு சுத்து மட்டும் தளர்த்துங்க, அடியில துணி வைங்க. ஆயில் கசிஞ்சு வரணும், பீச்சி அடிக்கணும்னு இல்ல. ரிட்டர்ன் பம்ப் வேலை செய்யுது. அதே மாதிரி டைமிங் கவர்ல இருக்கிற ஃபீட் பிளக்கை லேசா தளர்த்தினா ஃபீட் பம்ப்பும் தெரிஞ்சிடும். முழுசா கழட்டிடாதீங்க. ஆயில் மாத்துறப்பல்லாம் இதைச் செஞ்சா போதும், அஞ்சு நிமிஷ வேலை.

அளவு குறையறதா சொன்னீங்களே, அது குறையல. நிறுத்தி வச்சா டேங்கிலேருந்து ஃபீட் பம்ப் வட்டு இடுக்கு வழியா ஆயில் மெல்ல கிரேங்க் அறைக்கு இறங்கிடும். அப்ப டிப்ஸ்டிக்ல கம்மியா காட்டும். அதைப் பார்த்து மேல ஊத்தினீங்கன்னா, ஸ்டார்ட் பண்ணதும் ரிட்டர்ன் பம்ப் எல்லாத்தையும் டேங்குக்குத் தள்ளி, அளவு மீறி, பிரீதர் (இன்ஜின் உள்காத்து வெளியேற விடுற குழாய்) வழியா கக்கும், சைலன்சர்ல நீலம் கலந்த வெள்ளைப் புகை கட்டும். ஓட்டிட்டு வந்து நிறுத்தி ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சுப் பாருங்க, அதுதான் உண்மை அளவு. நாலு நாள்ல பாதி இறங்குதுன்னா பம்ப் வட்டை நைஸ் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்ச்சு உக்கார வைக்கணும். அவசரம் ஒண்ணுமில்ல. பிரிக்கிற அன்னிக்குச் செஞ்சுக்கலாம்.

படுகை (திருவையாறு)

பிரஷர் மீட்டர் விஷயத்தில் மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். டெம்பரேச்சர் மீட்டரை மட்டும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். அதிலும் இவருடைய ஓட்டத்துக்கு அது பிரயோஜனம். ஆனால் எல்லோரும் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

சூடு அதிகமாவதைப் பார்க்கத்தான் மீட்டர் என்று நினைக்கிறோம். தினம் 4 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஆயில் சூடாகாமல் போவதுதான் சிக்கல். பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் ஆவி வரும், அதில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி கீழே இறங்கும். ஆயில் 80 டிகிரிக்கு மேல் சற்று நேரம் இருந்தால்தான் அந்த ஈரம் ஆவியாகிப் பிரீதர் வழியே வெளியேறும். வீட்டுக்கும் வயலுக்கும் போய்வரும் வண்டி 60ஐத் தொடுவதற்குள் நின்றுவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றிலேயே ஈரம், கேட்கவே வேண்டாம். மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள்: பால் கலந்த காபி நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தால் அதுதான். அந்த ஆயில் கண்ணுக்குப் புதிதாகத் தெரிந்தாலும் வழவழப்பு போய்விட்டது.

தண்ணீர் ஓடும் வாய்க்காலைத் தாண்டும் பழக்கம் இருந்தால் பிரீதர் ஹோஸ் நுனி எங்கே தொங்குகிறது என்றும் பாருங்கள். சூடான இன்ஜின் தண்ணீரில் சட்டென்று குளிரும்போது ஹோஸ் வழியாக உள்ளிழுக்கும். வாத்து மூக்கு ரப்பர் பிரீதர் வெடித்திருந்தால் தடுப்பதற்கு எதுவும் இல்லை. நுனியைச் சீட்டுக்கு அடியில் உயர்த்திக் கட்டுங்கள், நடுவில் தொங்கலோ மடிப்போ இருக்கக் கூடாது, மடிந்தால் அடைத்து எல்லா கேஸ்கெட்டிலும் ஒழுக ஆரம்பிக்கும்.

மீட்டர் வாங்கும்போது பழைய மூடியைக் கையோடு எடுத்துப் போங்கள். செல்ஃப் ஸ்டார்ட் யூசிஇ (பிற்காலப் புல்லட்டின் புது மாடல்) இன்ஜினுக்கான மூடியைக் கொடுத்து "புல்லட்டுதான் சார்" என்பார்கள், மரை சேராது. ஓரிழை பிடித்ததும் பலம் போட்டுத் திருகினால் அலுமினிய மரை போய்விடும், அப்புறம் லேத்துக்குத்தான் போக வேண்டும். பழைய டிப்ஸ்டிக்கையும் புதியதையும் வாஷர் உட்காரும் இடத்தில் ஒன்றாக வைத்து, மேல் கோடு கீழ்க்கோடு இரண்டையும் புதிய தண்டில் அரத்தால் கீறிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விடுபவர்களே அதிகம், அப்புறம் அளவே தெரியாமல் ஓட்டுவார்கள்.

மாட்டுமுன் தண்டைக் கொதிக்கும் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். டெல்டா கடல்மட்டத்தை ஒட்டிய நிலம், கொதிநீர் இங்கே 100 டிகிரிதான். முள் 90ஐயோ 110ஐயோ காட்டினால் அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படிக்கலாம், தூக்கிப்போட வேண்டாம்.

என் கணக்கில் இந்த இன்ஜினுக்கு 80 முதல் 100 வரை நல்ல சூடு. சித்திரை வெயிலில் மூட்டையோடு கரையில் ஊர்ந்தால் 110 தொடலாம். 120 தாண்டினால் நிறுத்தி நிழலில் விடுங்கள், காரணத்தைத் தேடுங்கள். முதலில் பார்க்க வேண்டியது சேறு. நம் களிமண் சிலிண்டர் மடிப்புக்குள் போய்க் காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும், காற்று எங்கே போகும்? அறுவடை சமயத்தில் பதரும் வைக்கோலும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மூங்கில் குச்சியால் குத்தி எடுங்கள், இன்ஜின் ஆறின பிறகு கழுவுங்கள். சூடான வார்ப்பிரும்பில் தண்ணீர் அடிக்காதீர்கள்.

அடுத்தது இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்). பாயின்ட்ஸ் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். பிஸ்டன் மேல் நிலைக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னால், அட்வான்ஸ் (ஸ்பார்க்கை முன்தள்ளும் அமைப்பு) முழுக்கச் சுருங்கிய நிலையில் பாயின்ட்ஸ் திறக்க வேண்டும். பாயின்ட்ஸ் தேய்ந்து பிந்திப்போனால் சைலன்சர் வளைவு நீலமாகும், இன்ஜின் கொதிக்கும், வண்டி இழுக்காது. இதைச் சரிசெய்யாமல் ஆயில் கூலர் வாங்கி மாட்டுவதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

ரோடுகிங் (நாகப்பட்டினம்)

எல்லாரும் பிரஷர் மீட்டர் வேண்டாங்கிறீங்க. நான் வேணும்னு சொல்லல, ஆனா ஆசைப்பட்டு மாட்டுறவங்க எப்படியும் மாட்டத்தான் போறாங்க. அதனால தப்பில்லாம மாட்டுறது எப்படின்னு.

60 பிஎஸ்ஐ, 100 பிஎஸ்ஐ மீட்டர் வாங்காதீங்க, முள் அசையறதே தெரியாது. முழு அளவே 15 பிஎஸ்ஐ உள்ளது, கிளிசரின் நிரப்பினது. காலியான மீட்டர் புல்லட் அதிர்வுல சீக்கிரம் பல் தேய்ஞ்சு நின்னுடும். கிட்ல வர்ற பேஞ்சோ போல்ட்டோட துளையைப் பழைய போல்ட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. சின்னதா இருந்தா மாட்டாதீங்க, ராக்கருக்கு ஆயில் குறையும். மீட்டர் போட்டு இன்ஜினைக் கெடுத்த கதையா ஆகிடும். நைலான் டியூபை ஹெட் பக்கத்துல கொண்டு போகாதீங்க, இளகிப் பிச்சுக்கும். தாமிர டியூப்னா அதிர்வுல இறுகி வெடிக்கும், ரெண்டு சுத்து ஸ்பிரிங் மாதிரி வளைச்சு விட்டாத்தான் தாங்கும். துணி பின்னின ரப்பர் ஆயில் ஹோஸ் நல்லது. எது வெடிச்சாலும் ஆயில் வந்து விழுற இடம் சைலன்சர் இல்லன்னா பின்சக்கரம், அதை மறந்துடாதீங்க.

கடற்கரைப் பக்கம் ஓட்டுறவங்களுக்கு ஒண்ணு: உப்புக் காத்துல எலக்ட்ரிக் சென்சார் ஒயர் முனை பச்சை பூத்து ரீடிங் மாறும். மெக்கானிக்கல் டிப்ஸ்டிக் மீட்டருக்கு அந்தத் தொல்லை இல்ல.

வெண்ணாற்றங்கரை

நன்றி. மூடியைத் திறந்து பார்த்தேன், படுகை சார் சொன்ன அதே காபி நிறம். டெம்பரேச்சர் மீட்டர் மட்டும் வாங்குகிறேன். ஆயிலை இப்போதே மாற்றலாமா, 3000 கிலோமீட்டர் ஆக இன்னும் 1200 இருக்கிறது. காந்த ட்ரெயின் பிளக் போட்டால் துகள் தெரியுமா?

டைமிங்கவர்

கிலோமீட்டரைப் பார்க்காதீங்க. ஈரம் சேர்ந்துட்டா மாத்திடணும். இந்த ஓட்டத்துக்கு மழை தொடங்கறதுக்கு முன்னாடி ஒருதரம், தை பிறந்ததும் ஒருதரம்.

நல்லா 15 கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்து சூடோட வடிங்க. டேங்க் பிளக், கிரேங்க் அறை பிளக் ரெண்டையும் திறக்கணும், ஒண்ணை மட்டும் திறந்தா பழைய ஆயில் உள்ளயே நிக்கும். ஃபெல்ட் ஃபில்டர் மாத்துறப்ப ஸ்பிரிங், வாஷர் வந்த வரிசையிலயே போகணும், போட்டோ எடுத்து வச்சுக்குங்க. மொத்தம் 2.25 லிட்டர் பிடிக்கும், ஆனா எப்பவும் அவ்வளவும் வடியாது, அதனால ரெண்டு லிட்டர் ஊத்திட்டு அளவு பார்த்து மீதியைச் சேருங்க. ஃபில்டர் அறை காலியா இருக்கும். பிளக் வயரைக் கழட்டி ஹெட்டுல படுற மாதிரி வச்சுட்டு, டீகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தை விடுற லீவர்) பிடிச்சு இருபது முப்பது மிதி மிதிச்சு ஆயிலை ஏத்திட்டு, அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்க. ரெண்டு நிமிஷம் ஓடினதும் ராக்கர் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்க, நிறுத்தி அளவு பார்த்து டாப்-அப்.

காந்த பிளக் போடலாம், இரும்புத் துகளைப் பிடிக்கும். வெள்ளை உலோகம் (பேரிங் உலோகம்), பிஸ்டன் அலுமினியம் ரெண்டும் காந்தத்துல ஒட்டாது, அதனால வடிச்ச ஆயிலை வெள்ளைத் துணியில ஊத்தி வெயில்ல பிடிச்சுப் பாருங்க. மினுமினுப்பு லேசா இருந்தா பரவாயில்ல. விரல்ல உரசுற அளவு செதில் வந்தா வண்டியை எடுக்காதீங்க, பிக் எண்ட் பார்க்கணும்.

பிளக்குக்கும் பேஞ்சோவுக்கும் போடுற தாமிர வாஷர் புதுசு கிடைக்கலைன்னா பழசை அடுப்புல சிவக்கக் காய்ச்சித் தண்ணியில போட்டு எடுங்க, மெத்துனு ஆகிடும். அலுமினிய வாஷரை அப்படிச் செஞ்சுடாதீங்க, சிவக்கிறதுக்கு முன்னாடியே உருகிடும்.