நெஞ்சில் சத்தம் கேட்கிறது என்று டாக்டர் சொன்னபோது: நெல்லைக்காரர்களின் அனுபவங்கள்

கல்லிடைக்குறிச்சியிலிருந்து, இரண்டாம் வகுப்புப் பையனின் அம்மா:

காய்ச்சலுக்குக் காட்டப்போன இடத்தில்தான் தெரிந்தது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சின் இடதுபக்கம், கீழே ஓரமாக வைத்து ரொம்ப நேரம் கேட்டார். பையனைப் படுக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், திரும்பவும் படுக்கச் சொன்னார். "மர்மர், அதாவது இதயத்துல ஒரு கூடுதல் சத்தம் கேக்குது. படுத்தா கூடுது, உக்காந்தா குறையுது. பிள்ளைகளுக்கு வர்ற சாதாரண சத்தமாத்தான் தெரியுது. காய்ச்சல் விட்டதும் ஒருக்கா கூட்டிட்டு வாங்க" என்றார்.

வீட்டில் அன்றைக்கே தடை ஆரம்பம். "ஏட்டி, பிள்ளைய ஆத்துக்கு விடாத, நெஞ்சு தாங்காது" என்று என் அம்மா. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு பீரியடில் அவனை மட்டும் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஓடியாடித் திரிந்த பிள்ளை, "எனக்கு என்னம்மா செய்யுது?" என்று கேட்க ஆரம்பித்தான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சோதனை முடிவு வருவதற்கு முன்னாலேயே பிள்ளையை நோயாளியாக்கிவிடாதீர்கள். ஓடலாமா, நீந்தலாமா, எக்கோ (இதயத்தை ஒலி அலையால் படம் பிடிக்கும் ஸ்கேன்) எடுக்க வேண்டுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். நாங்கள் கேட்டோம். "தாராளமா ஓடட்டும்" என்றுதான் சொன்னார்.

அவர் விளக்கியது இதுதான். லப் டப் என்று நாம் கேட்பது வால்வுகள் மூடும் சத்தம். இரண்டுக்கும் நடுவில் ரத்தம் சுழித்து ஓடினால் 'உஸ்' என்று இன்னொரு சத்தம் கேட்கும். காய்ச்சலில் இதயம் வேகமாகத் துடிக்கும், ரத்த ஓட்டம் கூடும், அதனால் அந்தச் சத்தமும் கூடும். சின்னப் பிள்ளைகளுக்கு நெஞ்சுக்கூடு மெலிசு என்பதால் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஆரோக்கியமான பிள்ளைகள் பலருக்கும் ஏதாவது ஒரு வயதில் இது இருக்கும், வளர வளரப் பெரும்பாலும் மறைந்துவிடும்.

காய்ச்சல் விட்ட பிறகும் சத்தம் லேசாக இருந்ததால் பாளையங்கோட்டையில் எக்கோ எடுத்தோம். இருட்டு அறை. இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் ஜில்லென்று ஜெல்லைத் தடவினார்கள். திரையில் சிவப்பும் நீலமுமாகப் பொங்கிப் பொங்கி அடங்கியது. "நீலம் கெட்ட ரத்தமாக்கா?" என்று இவன் கேட்டான். "இல்லலே, இந்தக் கருவியப் பாத்து வர்ற ரத்தம் சிவப்பாத் தெரியும், விலகிப் போறது நீலமாத் தெரியும்" என்று எக்கோ எடுத்த பெண் பிள்ளை பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. ஊசி கிடையாது, கதிர்வீச்சு கிடையாது. வால்வு, சுவர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அதை ஃபைலில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளைக்கு வேறொரு டாக்டர் புதிதாகக் கேட்டுவிட்டுக் கேள்வி கேட்டால் எடுத்துக் காட்டலாமே.

முக்கூடலிலிருந்து:

எங்கள் மைனி பீடி சுற்றுகிறவள். படி ஏறினால் மூச்சு வாங்கும், எப்போதும் அசதி. அவளுக்கும் மர்மர் என்றார்கள். எக்கோவில் குறை ஒன்றும் இல்லை. ஹீமோகுளோபின்தான் 7 இருந்தது. பெண்களுக்கு 12-க்குக் குறையக் கூடாதாம். ரத்தம் நீர்த்துப்போனால் இதயம் அதிகமாக அடித்து ஈடுகட்டும், அதில் வரும் சத்தம் என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அதை டீயோடு விழுங்கக் கூடாது என்று கண்டித்துச் சொன்னார்கள். ரத்தம் ஏறினதும் சத்தம் போய்விட்டது. பெண்களின் அசதியை "வேலை ஜாஸ்தி" என்று தள்ளிவிடாதீர்கள் தயவுசெய்து.

வள்ளியூரிலிருந்து:

மேலே இருப்பதைப் படித்துவிட்டு எல்லா மர்மரும் சும்மா என்று யாரும் இருந்துவிட வேண்டாம். எனக்குப் பள்ளிக்கூட வயதில் தொண்டை வலி வந்து போனது. சில வாரம் கழித்து முட்டி வீங்கியது, அது சரியாவதற்குள் கணுக்கால். வாதக் காய்ச்சல். வீட்டில் தைலம் போட்டு விட்டுவிட்டார்கள். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு, தன் இதய வால்வையே தாக்கிவிடும் நோய் அது. வளர்ந்த பிறகு மூச்சுத் திணறி பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மைட்ரல் வால்வு (இதயத்தின் இடதுபக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருப்பது) சுருங்கிக் கிடந்தது. காப்பீட்டுத் திட்ட அட்டையில் உலோக வால்வு வைத்தார்கள்.

இப்போது நன்றாக இருக்கிறேன், வேலைக்குப் போகிறேன். ராத்திரி வீடு அடங்கியதும் டிக் டிக் என்று வால்வு கேட்கும், என் வீட்டுக்காரிக்கும் கேட்கும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை தினமும் ஒரே நேரத்தில். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையைத் தவற விடுவதில்லை. கீரை சாப்பிடலாம், ஆனால் ஒரு வாரம் தினமும், மறுவாரம் சுத்தமாக இல்லை என்று மாற்றக் கூடாது, அளவு ஒரே சீராக இருக்க வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன்னால் வால்வு வைத்திருப்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுப்பார்கள். மருந்துக்கடையில் நாமாக வலி மாத்திரை வாங்கவே கூடாது. வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைக்கு 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி எழுதினால், வலிக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். அந்தக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்துதான் வால்வு கெட்டுப்போகும்.

சேரன்மகாதேவியிலிருந்து:

என் தங்கச்சி மகளுக்கு இதய அறைகளின் நடுச்சுவரில் ஓட்டை. சத்தம் பலமாக இருந்ததால் பயந்துவிட்டோம். ஆனால் ஓட்டை சின்னது. குளத்து மடையைக் கொஞ்சமாகத் திறந்தால்தானே தண்ணீர் சீறும், அதுபோல. சத்தத்தை வைத்துப் பெரிசு சின்னது என்று நாமே முடிவுகட்ட முடியாது. தானாகவே மூடிவிட்டது. கைக்குழந்தை பால் குடிக்கும்போது வியர்த்தாலோ, எடை ஏறாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். எக்கோவுக்கு வெறும் வயிறாகப் போக வேண்டுமா என்று தங்கச்சி கேட்கச் சொன்னாள், அடுத்த மாதம் பரிசோதனை இருக்கிறது.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து:

சாதாரண எக்கோவுக்கு வேண்டாம் அக்கா. சாப்பிட வைத்தே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்கள், பசித்தால் பிள்ளை அசையாமல் படுக்காது. முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டை போட்டுவிடச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டையும் மறக்காமல் கொண்டுபோகட்டும்.