கிட்ல (கோட் மாற்றத்த பதிஞ்சு வைக்கிற டூல்) கமிட் பண்ணாத, அதாவது இன்னும் பதியாத மாற்றத்த எப்படி தூக்குறது? யாராச்சும் உதவுங்க

வணக்கம் அண்ணே அக்கா, சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதறேன். மாமா லோரில செம்பனை குலை ஏத்துறாரு, அவருக்கு டன் கணக்கு வைக்க சின்னதா ஒரு ஆப் செஞ்சுகிட்டு இருக்கேன், நேத்து ராத்திரி விலைய மாத்தறேன்னு மூணு ஃபைல்ல கைய வச்சதுல இப்ப மொத்த டன்னும் சைபர்னு காட்டுது. கடைசி கமிட் நல்லா ஓடிச்சு, அதுக்கே திரும்பணும்.

'கிட் ரிஸ்டோர் .' போட்டேன், ரெண்டு ஃபைல் பழையபடி வந்துருச்சு. மூணாவத முன்னயே 'கிட் ஏட்' பண்ணி அடுத்த கமிட்டுக்கு சேத்துட்டேன், அது ஸ்டேட்டஸ்ல பச்சையாவே நிக்குது. புதுசா செஞ்ச ஃபோல்டர் ஒன்னு, இன்னும் கிட்ல சேக்காதது, சிவப்புல கெடக்கு. 'கிட் ரீசெட் --ஹார்ட்' போட்டா பச்சை போயிடும், ஆனா புது ஃபோல்டர அது தொடாதுல்ல?

அந்த ஃபோல்டர அழிக்க 'கிட் கிளீன் -எஃப்டி' தான்னு படிச்சேன், போனா திரும்ப வராதாம், அதான் கை நடுங்குது. மாமாவோட ஒரு மாச எடை சீட்டு படமெல்லாம் அதே புரொஜெக்ட்லதான் இருக்கு, கிட்இக்னோர்ல (கிட் கண்டுக்காம விடவேண்டிய பட்டியல்) போட்டிருக்கேன். அழிக்காம பேர மட்டும் காட்டுற '-என்' போட்டு பாத்தப்ப அந்த படங்க பேரு வரல, அப்ப தப்பிச்சிடும்தானே? இல்ல மொதல்ல 'கிட் ஸ்டாஷ் -யு' போட்டு எல்லாத்தையும் எடுத்து வச்சிட்டா நல்லதா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க, மாமா வெள்ளிக்கிழம கணக்கு கேப்பாரு.