பாட்டுக்கு நடுவே அரை நொடி அமைதி, எப்படிச் சரிசெய்வது?

கிங் கிஸ்ஸர்ட் அண்ட் தி லிசர்ட் விசர்ட் குழுவின் 2016 ஆல்பம் 'நோனகன் இன்ஃபினிட்டி', 9 பாட்டும் ஒன்றுக்குள் ஒன்று ஓடி, கடைசிப் பாட்டு மறுபடி முதல் பாட்டிலேயே போய்ச் சேரும். அழகே அதுதான். ஆனால் என் கார் ஸ்டீரியோவில் (2015 மாடல், காரோடு வந்தது) பென்டிரைவில் போட்டால் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அரை நொடி நிற்கிறது, டிரம்ஸ் உச்சத்தில் இருக்கும்போது யாரோ வாயைப் பொத்தியது போல.

மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறேன். எம்பி3யை விட்டுவிட்டு சிடியிலிருந்து ஃப்ளாக்காக (ஒலித்தரம் குறையாத ஃபைல் வகை) எடுத்தேன், பென்டிரைவை மாற்றினேன், ஸ்டீரியோ மெனுவில் கேப்லெஸ் (இடைவெளியின்றி ஓடவைக்கும் வசதி) என்று எதுவுமே இல்லை. போனிலிருந்து ப்ளூடூத்தில் போட்டால் இடைவெளி இல்லை, ஆனால் பாதி வழியில் இணைப்பு அறுந்துவிடுகிறது. மொத்தத்தையும் 41 நிமிட ஒரே ஃபைலாக ஒட்டினேன், சரியாக ஓடுகிறது, அப்புறம் நடுவில் பாட்டு மாற்ற முடியவில்லை.

ஸ்டீரியோவை மாற்றாமல், பென்டிரைவிலிருந்தே தனித்தனிப் பாட்டுகளாக இடைவெளியின்றி ஓடவைக்க வழி உண்டா?