உதவி: 1971 ஃபியட் 500 எல் வண்டியில் இரண்டாம் கியருக்கு இறங்கும்போது உரசல். பிந்திய 500 ஆர் வண்டியின் கியர்பொக்ஸ் தீர்வாகுமா?

கேள்வி: மலைப்பாதை (பலெர்மோ)

அனைவருக்கும் வணக்கம். நான் சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் வசிக்கிறேன். நான் பல ஆண்டுகள் வேலை செய்த வீட்டின் பெரியவர், முதுமையால் வண்டி ஓட்டுவதை நிறுத்தியபோது, தம்முடைய 1971ஆம் ஆண்டு ஃபியட் 500 எல் வண்டியை என் பெயருக்கு மாற்றித் தந்தார். எஞ்சின் மாற்றப்படாதது. 110 எஃப் 000 என்ற அடையாளம் அதன்மீது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அவர் அதை எவ்வளவு அருமையாக வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியுமாதலால், என் கையில் அது கெட்டுவிடக் கூடாது என்ற கவலையோடு இதை எழுதுகிறேன்.

சமதரையில் பெரிய தொல்லை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சாந்தா ரொசாலியா திருத்தலத்துக்குக் குடும்பத்தோடு மொந்தே பெல்லெக்ரினோ மலை ஏறும்போது, கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்கினால், கிளச்சை முழுவதும் மிதித்த பின்னரும் நறநறவென்று பல் கடிக்கும் சத்தம் எழுகிறது. கியர்க் கம்பி கையில் அதிர்கிறது. சில வேளைகளில் கியர் விழாமல், வண்டி வளைவிலேயே நின்றுவிடுகிறது.

ஒரு கராஜில் காட்டினேன். என்னுடையது பழைய அமைப்பு என்றும், 1972இல் வந்த 500 ஆர் வண்டியில் ஃபியட் 126இன் பாகங்கள் போடப்பட்டதால் அதன் கியர்பொக்ஸில் சிங்க்ரோ (கியர் பூட்டுவதற்கு முன் சுழற்சி வேகங்களைச் சமப்படுத்தும் அமைப்பு) உண்டு என்றும் சொல்லி, ஆர் வண்டியிலிருந்து கழற்றிய ஒன்றுக்கு விலையும் கூறினார்கள். விருப்பமானால் முழு 500 ஆர் வண்டி ஒன்றையே மாற்றாகத் தருவதாகவும் சொன்னார்கள். பிந்திய பதிப்பு உண்மையிலேயே மேலானதா? கியர்பொக்ஸை மட்டும் மாற்றினால் போதுமா?

மறுமொழி: பழைய பத்மினி (சென்னை)

வணக்கம் ஐயா. எங்கள் வீட்டில் ஃபியட் 1100 டி வழிவந்த பிரீமியர் பத்மினி வண்டியை நெடுங்காலம் ஓட்டினோம். அதில் இரண்டாம் கியர் இதே போல உரசியபோது, கியர்பாக்ஸைப் பிரித்துத் தேய்ந்த சிங்க்ரோ வளையத்தை மாற்றியதும் சரியாகிவிட்டது. உங்கள் வண்டியிலும் வளையம் தேய்ந்திருக்கக்கூடும். பெட்டி முழுவதையும் மாற்றுவதற்கு முன் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி: எட்டுக்கு நாற்பத்தொன்று (தொரினோ)

தம்பி, வணக்கம். நான் தொரினோவில் பழைய வண்டிகளைச் சீரமைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். 500 வண்டிகளின் கியர்பொக்ஸ்களைப் பலமுறை மேசையில் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். சென்னை நண்பர் சொன்னது பத்மினிக்குச் சரியாக இருக்கும். ஆனால் உங்கள் பெட்டியில் தேய்வதற்குச் சிங்க்ரோ வளையமே இல்லை. 1957இல் வந்த முதல் 500 தொடங்கி, டி, எஃப், எல் என்று எந்தப் பதிப்பிலும் அது கிடையாது. உங்களுக்குச் சொல்லப்படாத முக்கியச் செய்தி என்னவென்றால், 1972 முதல் 1975 வரை வந்த 500 ஆர் வண்டியிலும் அது கிடையாது. ஆர் வண்டிக்கு 126இலிருந்து 594 சிசி எஞ்சின் வந்தது, அடித்தளம் வந்தது. இரண்டு முதல் நான்கு வரையான கியர்களுக்குச் சிங்க்ரோ கொண்ட 126இன் பெட்டி வரவில்லை. ஆகவே அந்தப் பெட்டியை வாங்கிப் பூட்டினால், இதே சத்தத்தைப் பணம் கொடுத்து மறுபடியும் வாங்கியதாகவே முடியும்.

மலையேற்றத்துக்கு அது இன்னொரு வகையிலும் தீங்கு செய்யும். உங்கள் எல் வண்டியின் இறுதிப் பல்விகிதம், அதாவது பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் கடைசி இரு பற்சக்கரங்களின் பல் எண்ணிக்கை, 8க்கு 41. ஆர் வண்டியில் அது 8க்கு 39. பெரிய எஞ்சினின் இழுவையை நம்பி, ஆர் வண்டிக்கு எல்லா கியர்களையும் ஏறத்தாழ 5 விழுக்காடு நீளமாக்கினார்கள், அதாவது அதே சுழற்சியில் வேகம் கூடும், இழுவை குறையும். உங்கள் 499.5 சிசி எஞ்சினுக்குப் பின்னால் அந்தப் பெட்டியைப் பூட்டினால், நான்கு பேருடன் ஏறும்போது இப்போது இருக்கும் இழுவையும் குறையும்.

இனி சத்தத்துக்கு வருகிறேன். உங்கள் பெட்டியில் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய கியர்களின் பற்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியே சுழல்கின்றன. நீங்கள் கம்பியைத் தள்ளும்போது பக்கவாட்டில் உள்ள நகம் போன்ற பற்கள் போய்ப் பூட்டிக்கொள்கின்றன. பூட்டும் இரண்டு பக்கங்களும் ஒரே வேகத்தில் சுழன்றால் சத்தமின்றிப் பூட்டும், இல்லாவிட்டால் நகங்கள் மோதும். மூன்றாம் கியரின் விகிதம் 1.30, இரண்டாம் கியரின் விகிதம் 2.06. மணிக்கு 30 கிலோமீற்றரில் மூன்றாம் கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,000 முறை சுழல்கிறதென்றால், அதே வேகத்தில் இரண்டாம் கியருக்கு அது 3,200 முறை அளவில் சுழல வேண்டும். சிங்க்ரோ உள்ள வண்டியில் அந்த 1,200 சுழற்சி வித்தியாசத்தை வளையம் உரசிச் சரிக்கட்டுகிறது. உங்கள் வண்டியில் அதை உங்கள் வலக்கால் செய்ய வேண்டும்.

செய்முறை இதுதான். பெற்றோல் மிதியிலிருந்து காலை எடுத்து, கிளச்சை மிதித்து, கம்பியை நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். அங்கே கிளச்சை முழுவதும் விட்டுவிட்டு, பெற்றோலை ஒருமுறை சட்டென்று மிதித்து விடுங்கள். கிளச் விடப்பட்டிருப்பதால்தான் எஞ்சினோடு பெட்டியின் உள்தண்டும் சேர்ந்து வேகமெடுக்கும். அந்த வேகம் தணிவதற்குள் மறுபடி கிளச்சை மிதித்து இரண்டில் போடுங்கள். இந்த வண்டியில் சுழற்சிமானி கிடையாதாகையால் காதுதான் அளவுகோல். இத்தாலியர்கள் இதை "டொப்பியெட்டா" என்பார்கள்.

ஆயினும் முழுப் பழியையும் உங்கள் கால்மீது போட்டுவிட முடியாது. வண்டியை நிறுத்தி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, கிளச்சை மிதித்து ஐந்து விநாடி பொறுத்து ரிவர்ஸில் போட்டுப் பாருங்கள். அப்போதும் உரசினால், கிளச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். அந்த நிலையில் எத்தனை டொப்பியெட்டா போட்டும் பயனில்லை. பெட்டியின் ஒயிலையும் வடித்துப் பாருங்கள், சுமார் 1.1 லிற்றர் இருக்க வேண்டும், எஸ்ஏஈ 90 கனிம ஒயில் போதும். வடித்த ஒயிலில் விரலால் உணரக்கூடிய இரும்புத் துகள் இருந்தால் மட்டும் பெட்டியைக் கழற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.

மறுமொழி: மலைப்பாதை

அண்ணா, மிக்க நன்றி. "டொப்பியெட்டா" என்ற சொல்லைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரியவர் என் அருகில் இருந்து வந்த நாட்களில் வளைவுக்கு முன்னால் இதே சொல்லைச் சொல்வார். இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு மட்டுமே அந்தச் சொல்லை நான் அறிந்திருந்தேனாதலால், ஏதோ வேட்டைக் கதையை நினைத்துச் சொல்கிறார் என்றே இருந்துவிட்டேன்.

நீங்கள் சொன்ன சோதனையைச் செய்தேன். ஐந்து விநாடி பொறுத்த பின்னும் ரிவர்ஸ் உரசுகிறது. வண்டிக்குக் கீழே படுத்துப் பார்த்தபோது, கிளச் கேபிள் பெட்டியின் பக்கத்தில் உள்ள நெம்புகோலில் மாட்டும் இடத்தில் மூன்று இழைகள் அறுந்து, சுருண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒயில் கறுத்திருந்தது, ஆனால் துகள் எதுவும் விரலில் தட்டுப்படவில்லை. புதுக் கேபிளுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இருந்தாலும் என் முதல் கேள்வி மீதமிருக்கிறது. மாற்றாகத் தருவதாகச் சொன்ன ஆர் வண்டியை முற்றாக மறுத்துவிடலாமா?

மறுமொழி: எட்டுக்கு நாற்பத்தொன்று

கேபிள்தான் முதற் குற்றவாளி. இழை அறுந்து நீண்டுபோனால், மிதியின் பயணத்தில் பாதி வீணாகி, நெம்புகோலுக்குப் போதிய இழுப்புக் கிடைக்காது. புதியதைப் பூட்டிய பின், கேபிள் முனையில் உள்ள திருகாணியை இறுக்கி, மிதியின் வெற்றுப் பயணத்தை (கிளச் இழுபடத் தொடங்கும்முன் மிதி சும்மா இறங்கும் தூரம்) கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டு வாருங்கள். வெற்றுப் பயணமே இல்லாதபடி இறுக்கிவிடாதீர்கள். பிறகு மலையில் கிளச் வழுக்கத் தொடங்கும்.

பதிப்புகளைப் பற்றி. தாந்தே ஜாகோசா வடிவமைத்து 1957 யூலையில் வெளிவந்த முதல் 500இல் 479 சிசி எஞ்சின், 13 குதிரைத்திறன். பின்னிருக்கை என்று சொல்லத்தக்கது கிடையாது. 1960இல் வந்த டி வண்டியிலிருந்துதான் சாதாரண 500க்கு 499.5 சிசி நிலைத்தது. 1965இல் வந்த எஃப் வண்டியில் கதவுகள் முன்பக்கக் கீலுக்கு மாறின. அதற்கு முந்தியவை பின்பக்கக் கீலில் திறந்தவையாதலால், ஓடும்போது தாழ் விட்டுப்போனால் காற்றே கதவைப் பிய்த்துத் திறந்துவிடும். இன்று சேகரிப்போர் அந்தக் கதவுக்காகவே கூடுதல் விலை தருகிறார்கள். உங்கள் எல், 1968இல் வந்தது. இயந்திர வகையில் அது எஃப் வண்டியேதான். சாயும் இருக்கை, தரைவிரிப்பு, கறுப்பு முகப்புப் பலகை, பெற்றோல் அளவுமானி, பம்பருக்கு மேல் வளைகுழாய் என்பவை சேர்ந்தன, அவ்வளவே.

ஆர் வண்டி வேறு எண்ணத்தில் பிறந்தது. 126 வந்துவிட்ட நிலையில், மலிவான வண்டியாகச் சில காலம் ஓடட்டும் என்று 500ஐ எளிமைப்படுத்தினார்கள். எஞ்சின் 594 சிசி. 126இல் 23 குதிரைத்திறன் தந்த அதே எஞ்சினை 18ஆகத் தணித்தார்கள். கணக்கில் அது உங்கள் எல் தருவதற்குச் சமம்தான், ஆனால் குறைந்த சுழற்சியிலேயே இழுப்புக் கிடைக்கும். உச்ச வேகம் உங்களுடைய 95க்குப் பதிலாக 100 கிலோமீற்றர். மறுபுறம் அளவுமானி போயிற்று, இருப்பு விளக்கு மட்டும் உண்டு. என் கண்ணுக்கு அதன் உள்பக்கம் வெறுமையாகத்தான் தெரிகிறது. ஆனால் உங்கள் ஊருக்கு அந்த வண்டியோடு ஓர் உறவு உண்டு. பலெர்மோவுக்கு அருகே, 1970இல் திறந்த தெர்மினி இமெரேசெ ஆலையில்தான் கடைசி 500 ஆர் 1975 ஆகஸ்ட் 4 அன்று வெளியே வந்தது.

உங்களிடம் இருப்பது எஞ்சின் மாறாத, வரலாறு தெரிந்த வண்டி. கராஜில் நிற்பதன் வரலாறு உங்களுக்குத் தெரியாது. அந்த ஆர் வண்டியின் தரைத் தகட்டையும், கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகட்டையும், முன்னால் பற்றரி வைக்கும் தட்டையும் பார்க்காமல் விலை பேசுவதே தவறு. நான் மாற்றமாட்டேன்.

126இன் சிங்க்ரோ பெட்டியைத் தேடிப் பூட்டுவோரும் உண்டு. செய்ய முடிந்த வேலைதான். ஆனால் பெட்டியைத் தாங்கும் இடத்தையும் சக்கரத்துக்குப் போகும் தண்டுகளின் இணைப்புகளையும் பொருத்திப் பார்க்க வேண்டும், வண்டியும் அதன் மூல நிலையை இழக்கும். நூறு யூரோ அளவுக்குக்கூடப் போகாத கேபிள் வேலையை முடிக்காமல் அதைத் தொடாதீர்கள்.

மறுமொழி: வியா எமிலியா (ரெஜ்ஜோ எமிலியா)

சகோதரருக்கு வணக்கம். நான் 1974ஆம் ஆண்டு 500 ஆர் வண்டியை வைத்திருக்கும் பெண். தொரினோ ஐயா சொன்னது முற்றிலும் சரி. என் வண்டியிலும் சிங்க்ரோ இல்லை, நானும் டொப்பியெட்டா போட்டே ஓட்டுகிறேன். எங்கள் ஊரின் நேரான சமவெளிச் சாலையில் 80இல் போகும்போது ஆர் வண்டி அலட்டிக்கொள்ளாமல் ஓடும் என்பதால் எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் அப்பெனைன் மலைப்பக்கம் போகும் நாட்களில் இரண்டாம் கியர் சற்று நீளமாகவே படுகிறது. அளவுமானி இல்லாததற்கு, பெற்றோல் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் கிலோமீற்றரைக் குறித்து வைக்கிறேன். ஆர் தாழ்ந்த வண்டியல்ல, ஆனால் உங்கள் குறைக்கு மருந்தும் அதுவல்ல.

மறுமொழி: பழைய பத்மினி

திருத்தியமைக்கு நன்றி ஐயா. 500இன் பெட்டியைப் பத்மினியின் பெட்டியோடு சேர்த்து எண்ணியது என் தவறு.

மறுமொழி: மலைப்பாதை

அனைவருக்கும் நன்றி. கராஜுக்குப் போய், ஆர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

புதுக் கேபிளைப் பூட்டி வெற்றுப் பயணத்தைச் சரிசெய்ததும், நின்ற நிலையில் ரிவர்ஸ் சத்தமின்றி விழுகிறது. மூன்று நாள் மாலையில் மலையடியில் உள்ள ஃபவொரித்தா பூங்காவின் சமதரைச் சாலையில் டொப்பியெட்டா பழகினேன். முதல் நாள், கிளச்சை விடாமலே பெற்றோலை மிதித்துக்கொண்டிருந்தேன். விட்டு மிதிக்க வேண்டும் என்பது காலுக்குப் புரிந்தபின், கம்பி வெண்ணெயில் இறங்குவது போல இரண்டுக்குள் போயிற்று.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நால்வரும் மலை ஏறினோம். ஏறும் வழியில் இரண்டு வளைவுகளில் மட்டும் உரசியது, இரண்டிலும் பெற்றோலை மிதிக்க என் கால் பிந்திவிட்டது. கியர்க் கம்பி இன்னும் சற்று ஆடுகிறது. அடியில் கம்பியைப் பெட்டியோடு இணைக்கும் இடத்தில் உள்ள ரப்பர் தேய்ந்திருப்பதைக் கேபிள் மாற்றும்போதே கண்டேன். அதை வருகிற வாரம் மாற்றுகிறேன்.