மலாயாப் புலிக்கு முதலில் வேண்டியது காடா, காவலா?

செந்தூல்வாசி:
1950களில் ஏறத்தாழ 3,000 இருந்ததாகக் கணிக்கப்பட்ட மலாயாப் புலிகள், 2016 முதல் 2020 வரை நடந்த முதலாவது தேசியக் கணக்கெடுப்பின்படி 150க்கும் கீழே இறங்கிவிட்டன. மலேசியாவின் நாட்டுச் சின்னத்தில் இரண்டு புலிகளை நிறுத்திவிட்டு, அவற்றின் காட்டில் முசாங் கிங் வகை டுரியான் பழமரங்களை நடுகிறோம். எஞ்சிய புலிக்காடுகளில் இனி ஒரு மரமும் சாயக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

பட்டர்வொர்த் அமுதன்:
காடு நிற்கும் இடத்திலும் புலி அருகிவிட்டதே, ஐயா? தாமான் நெகாரா தேசியப் பூங்காவின் 4,343 சதுர கிலோமீட்டருக்குள் எவரும் டுரியான் நடவில்லை. சென்ற ஆண்டு பாலிங் வழியாகக் கிரிக் சென்றிருந்தபோது, ஒராங் அஸ்லி பழங்குடி வனக்காவலர் ஒருவர் தாம் அறுத்தெடுத்த கண்ணியைக் காட்டினார். மோட்டார் சைக்கிள் கிளட்ச் கம்பியைப் போன்ற முறுக்குக் கம்பி, முனையில் சுருக்கு; வில்லாக வளைத்துக் கட்டிய இளமரத்தின் பட்டை அதில் இன்னும் ஒட்டியிருந்தது. மானுக்கு வைத்தாலும் புலியின் கால் மாட்டும். அதைத் தேடி நடக்க ஆள் போதவில்லை என்றார் அவர். வெட்டுமரத்துக்குத் தடை போட்டால் அந்தக் கம்பி அறுந்துவிடுமா?

செந்தூல்வாசி:
கம்பியை வைத்தவன் எந்த வழியாக உள்ளே போனான்? பெரும்பாலும் மரலாரிக்காகப் போட்ட மண்சாலை வழியாகத்தான். வேலை முடிந்து லாரி போய்விடும், சாலை அங்கேயே கிடக்கும். மேலும் பெலும்-தெமெங்கோர், தாமான் நெகாரா, எண்டாவ்-ரொம்பின் ஆகிய புலிக்காடுகள் தனித்தனித் தீவுகளாகிவிட்டால், புது எல்லை தேடிப் புறப்படும் இளம் ஆண்புலிக்குத் தார்ச்சாலையும் செம்பனைத் தோட்டமுமே எதிர்ப்படும். கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் விலங்குகள் அடியில் கடந்து செல்ல மேம்பாலம் கட்டினார்கள். இரு புறமும் காடு நின்றால்தானே அதனால் பயன்?

கெப்போங் பகாங்காரன்:
இருவரும் பணத்தைத் தொடவே இல்லை. அரசமைப்புச் சட்டப்படி நிலமும் காடும் மாநிலத்தின் கையில் உள்ளன. மரம் விற்ற வருமானமும் அங்கேதான் சேர்கிறது. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கென 2019 வரவு செலவுத் திட்டத்தில் 60 மில்லியன் ரிங்கிட்டுடன் தொடங்கிய கூட்டரசு ஒதுக்கீடு, 2025இல் 250 மில்லியனாக உயர்ந்தது. எல்லா மாநிலங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டிய தொகை அது. ரப்பர் மரத்தில் பால் எடுத்த குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: 2023இல் கிளந்தான் மாநிலத்தின் குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கி மாண்டவர்கள் தோட்டத்திலும் காட்டோரத்திலும் பிழைப்பு நடத்தியவர்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்காத பாதுகாப்பை எங்கள் ஊரில் யாரும் ஏற்கமாட்டார்கள்.

பட்டர்வொர்த் அமுதன்:
மண்சாலை விஷயத்தில் செந்தூல்வாசி சொல்வதை ஏற்கிறேன். வெட்டு முடிந்ததும் சாலையை அடைக்கும் நிபந்தனை வேண்டும். முழுத்தடைக்கு மட்டும் நான் உடன்படவில்லை. அந்த 250 மில்லியனையும் காட்டின் பரப்பை மட்டும் பார்த்துக் கொடுக்கக்கூடாது. எத்தனை கண்ணிகள் அகற்றப்பட்டன, புலிக்கு இரையாகும் மான் பெருகியதா என்று பார்த்தே கொடுக்க வேண்டும்.