மார்கழிப் பனியில் பறவை பார்க்க நாய் எதற்கு?

ஜோலார்பேட்டை குருவி:
போன ஞாயிறு விடியலில் ஏலகிரி சுவாமிமலைக்கு ஏறினேன். மூடுபனியில் முன்னால் போகிறவர் முதுகே தெரியவில்லை. காதை நம்பித்தான் பறவை பார்க்க வேண்டும். புதரடியில் ஒரு தோட்டக்கள்ளன் (ஆறுமணிக்குருவி என்பார்களே, அதுதான்) சருகைப் புரட்டும் சத்தம். மூச்சைப் பிடித்து நின்றேன். பின்னால் வந்தவருடைய நாய் ஒரே பாய்ச்சல். அவ்வளவுதான். நாயோடு வருகிறவர்கள் வேறு பக்கம் போகக் கூடாதா?

மணியோட அப்பா:
அது எங்கள் மணி இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 5 வருடமாக அவனோடுதான் மலையேறுகிறேன், கயிற்றை விட்டதே இல்லை. எனக்குக் கௌதாரியைக் காட்டியதே அவன்தான். சட்டென்று நின்று காதை நிமிர்த்துவான், நான் பைனாகுலரைத் தூக்குவேன். ஏலகிரி மேலே அத்தனாவூரில் தெருவெல்லாம் நாய். அங்கே இருக்கும் பறவைக்கு நாய் என்ன புதுசா?

ஜோலார்பேட்டை குருவி:
காதை நிமிர்த்தியதோடு சரியா? அடுத்த நொடி கௌதாரி எழுந்து பறந்ததா இல்லையா, அதைச் சொல்லுங்கள். சிட்னி பக்கத்துக் காட்டுப் பாதைகளில் சோதித்து 2007இல் எழுதியிருக்கிறார்கள். கயிற்றில் கட்டிய நாயோடு நடந்ததற்கே பறவை வகைகள் 35 சதவீதமும் எண்ணிக்கை 41 சதவீதமும் குறைந்தன. தினமும் நாய் போய்வரும் பாதையிலும் அதே கதைதான், பழகிப்போகவில்லை.

மணியோட அப்பா:
அதே ஆய்வில் மனிதர் மட்டும் நடந்தாலும் பறவை குறைந்தது என்று இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்களே சார்?

ஜோலார்பேட்டை குருவி:
இருக்கிறது. பெரும்பாலும் நாயால் குறைந்ததில் பாதிகூட இல்லை.

ஆம்பூர் அத்தை:
நடுவில் ஒரு வார்த்தை. டொராண்டோவில் இருக்கும் என் தம்பி இதைப் படித்துவிட்டு "பனியிலா?" என்று கேட்கிறான். அவன் ஊர்ப் பனி முழங்கால் வரை, நம்ம ஊர்ப் பனி மூக்கு ஒழுகும் வரை! சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாங்குயிலும் வால்காக்கையும் மரத்து மேலே இருப்பவை, அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. காடை, கௌதாரி, தோட்டக்கள்ளன் எல்லாம் தரையில் மேய்கிறவை. அதிலும் தோட்டக்கள்ளன் வடக்கேயிருந்து பறந்து வந்து இங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறது. இரை தேடுகிற விடியல் நேரத்தில் அதை விரட்டுவானேன்? தம்பி மணியப்பா, புங்கனூர் ஏரிக்கரையில் நடங்களேன்.

மணியோட அப்பா:
கௌதாரி பறந்தது உண்மைதான். சரி அக்கா, மணிக்கு ஏரிக்கரை, எனக்கு சுவாமிமலை. ஆனால் ஞாயிறு காலை நான் ஷூ மாட்டும்போது அவன் வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வான். அதை மட்டும் குருவி சார் வந்து சமாளிக்கட்டும்.