பாளையங்கோட்டை வீட்டுக் குழு: வருணின் புது கம்ப்யூட்டர்

வருண்: சித்தப்பா, இருக்கிறீர்களா? எல்லாவற்றையும் மாட்டி முடித்துவிட்டேன். பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை. ஃபேன் சுற்றவில்லை, சத்தம் இல்லை, ஒன்றும் இல்லை.

வருண்: [படம்]

வருண்: [படம்]

அப்பா: கடையிலேயே அசெம்பிள் செய்து வாங்கு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கேட்டால்தானே.

நிலா: அப்பா, நீங்கள் ஹாலில் உட்கார்ந்துகொண்டு இங்கே டைப் செய்கிறீர்களா? அவன் பக்கத்து அறையில்தானே இருக்கிறான்.

அப்பா: எல்லோருக்கும் தெரியட்டும் என்றுதான்.

பிரபு அத்தான்: மாப்ளே, எஸ்எம்பிஎஸ் அவுட், அதாவது கரண்ட் கொடுக்கும் பெட்டி. புதுசிலேயே அப்படி வருவது உண்டு. ஒரு பேப்பர் கிளிப்பை வளைத்து, 24 பின் கனெக்டரில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் சேர்த்துப் பார். ஃபேன் ஓடினால் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது.

வருண்: அத்தான், இதில் எல்லா வயரும் கறுப்பு.

பிரபு அத்தான்: ஓ

நிலா: 😂😂

சித்தப்பா: இப்போதுதான் கடையை அடைத்துவிட்டு வந்தேன். கிளிப்பை எல்லாம் யாரும் எங்கேயும் சொருக வேண்டாம். பிரபு, இப்போதைய எஸ்எம்பிஎஸ் பலவற்றில் லோடு ஏறாமல் ஃபேன் சுற்றாது, கிளிப் போட்டாலும் சும்மாதான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நல்ல பொருளைப் போய்விட்டது என்று திருப்பி அனுப்புவான்.

சித்தப்பா: வருண், முதலில் எஸ்எம்பிஎஸ் பின்னால் ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்கிறதா, வட்டம் போட்ட பக்கமா?

வருண்: கோடு. அதைப் பார்த்துவிட்டேன். பிளக்கிலும் கரண்ட் வருகிறது, அதே பிளக்கில் சார்ஜர் வேலை செய்கிறது.

சித்தப்பா: நல்லது. மதர்போர்டில் எங்கேயாவது ஒரு பொட்டு வெளிச்சமாவது தெரிகிறதா? அறை லைட்டை அணைத்துவிட்டுப் பார்.

வருண்: ஆமாம், ஓரத்தில் லேசாக ஒன்று எரிகிறது. லைட் போட்டிருந்ததால் தெரியவில்லை.

சித்தப்பா: அப்படியென்றால் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை, மெஷின் அணைந்திருக்கும்போதும் வரும் கரண்ட், வந்துகொண்டிருக்கிறது. எஸ்எம்பிஎஸ் முழுசாகச் செத்திருந்தால் அது எரியாது. இனி இரண்டு கேபிள். ஒன்று 24 பின், கொக்கி "டக்"கென்று உட்கார்ந்திருக்க வேண்டும். இன்னொன்று பிராசஸருக்கான 8 பின், போர்டின் மேல் இடது மூலையில். உன் படத்தில் கூலர் மறைக்கிறது.

வருண்: [படம்]

வருண்: இது சரியா? இதே மாதிரி இன்னொரு 8 பின்னும் இருந்தது, குழம்பிவிட்டேன்.

சித்தப்பா: சரிதான். நான்கும் நான்குமாகப் பிரிந்தால் பிராசஸருக்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் கிராபிக்ஸ் கார்டுக்கு. மாற்றிச் சொருகினால் பெரும்பாலும் உள்ளே போகாது, போகவில்லையே என்று பலம் பிடிப்பவர்கள்தான் ஆபத்து. இரண்டிலும் 12 வோல்ட் வரும் பக்கம் நேர் எதிர்.

பிரபு அத்தான்: மாமா, என்னிடம் பழைய எஸ்எம்பிஎஸ் கேபிள் செட் ஒன்று சும்மா கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரும்போது கொண்டு வரட்டுமா? கேபிள் கோளாறாக இருந்தால் மாற்றிப் பார்க்கலாம்.

சித்தப்பா: வேண்டவே வேண்டாம். கழற்றி மாட்டும் கேபிளில் போர்டு பக்கம்தான் எல்லோருக்கும் ஒரே அமைப்பு. எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியிலேயே மாடலுக்கு மாடல் மாறும். அழகாகப் போய் உட்காரும், ஆன் செய்ததும் ஹார்டு டிஸ்க் புகையும். என் கடைக்கு அப்படி வந்த கேஸ் உண்டு.

மைதிலி அத்தை: புகையா?? வருண், அதைத் தொடாதே. சாப்பிட்டாயா?

வருண்: புகை எல்லாம் இல்லை அத்தை. சாப்பிட்டேன்.

அப்பா: சாப்பிடவில்லை. மூன்று தோசை மூடி வைத்திருக்கிறது.

சித்தப்பா: அடுத்தது. கேபினட்டின் முன் பட்டனிலிருந்து வரும் மெல்லிய வயர்கள். எங்கே மாட்டியிருக்கிறாய்? போர்டின் கீழ் வலது மூலையைக் கிட்டப் போய் எடு. டார்ச் அடித்து.

வருண்: [படம்]

சித்தப்பா: பார்த்தாயா. பெரும்பாலான போர்டில் இந்தப் பின் கொத்தில் இரண்டு வரிசை, ஒரு மூலையில் மட்டும் பின் இருக்காது. அந்தக் காலி மூலைதான் அடையாளம். காலி இருக்கும் வரிசையில், அதை ஒட்டிய இரண்டு பின் பவர் சுவிட்ச். அதற்கு நேர் எதிர் வரிசையில் இருக்கும் இரண்டு ரீசெட். உன் பவர் வயர் ரீசெட்டில் உட்கார்ந்திருக்கிறது. அணைந்து கிடக்கும் மெஷினை ரீசெட் செய்தால் என்ன நடக்கும்?

நிலா: ஒன்றும் நடக்காது.

சித்தப்பா: அதுதான் நடந்திருக்கிறது. மேனுவலையும் ஒரு முறை பார்த்துக்கொள், அதில் எழுத்து எறும்பு அளவுதான் இருக்கும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கு. வயரை மாற்றுவதற்கு முன், பட்டன் வயரைக் கழற்றிவிட்டு அந்தப் பவர் பின் இரண்டையும் திருப்புளி முனையால் ஒரு நொடி தொட்டு எடு. ஷாக் அடிக்காது. வேறு பின்னில் மட்டும் படக் கூடாது.

அப்பா: தம்பி, திருப்புளியால் கரண்டில் கை வைக்கச் சொல்கிறாயே.

சித்தப்பா: அண்ணாச்சி, அங்கே வருவது 5 வோல்ட்டுக்கு மேல் போகாது. உங்கள் போன் சார்ஜர் முனையில் வருவதுதான். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறப்பதுதான் கூடவே கூடாது, அதற்குள் மட்டும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்ட் தங்கியிருக்கும்.

வருண்: சுற்றுகிறது!!!!! மூன்று ஃபேனும்!!!

நிலா: 🥳🥳

மைதிலி அத்தை: 🙏🙏🙏

வருண்: ஆனால் டிஸ்ப்ளே வரவில்லை.

அப்பா: அதானே பார்த்தேன்.

பிரபு அத்தான்: மாப்ளே, ராமைக் கழற்றி ரப்பர் வைத்துத் துடைத்துப் போடு. அப்படியே பேட்டரியைக் கழற்றிப் பயாஸ் (போர்டிலேயே இருக்கும் ஆரம்ப புரோகிராம்) ரீசெட் செய். கிராபிக்ஸ் கார்டையும் எடுத்துவிடு. ஒரே வேலையாக முடியும்.

சித்தப்பா: பிரபு, ஒரே வேலையாக முடித்தால் எது கோளாறு என்று எப்படித் தெரியும்? ரப்பர் பழைய ராமுக்கு, அதில் பச்சை பிடித்திருக்கும். இன்றைக்குப் பிரித்த ராமில் துடைக்க என்ன இருக்கிறது?

சித்தப்பா: வருண், போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம் (ராம்தான்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் என்று நான்கு பெயர் இருக்கிறதா? எதன் பக்கத்தில் லைட் எரிகிறது?

வருண்: டிராம். மஞ்சள் லைட். அணைத்து அணைத்துப் போட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் அங்கேயேதான் நிற்கிறது.

சித்தப்பா: நான் ரிச்சி தெருவில் வேலை பார்த்த காலத்தில் இந்த லைட் எல்லாம் கிடையாது. கேபினட்டில் ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கும், ராம் இல்லையென்றால் விடாமல் கத்தும். தெரு முழுக்க அந்தச் சத்தம்தான். உனக்குக் காலம் லைட் போட்டுக் காட்டுகிறது. ராமை எந்த ஸ்லாட்டில் போட்டாய்?

வருண்: பிராசஸர் பக்கத்திலிருந்து இரண்டாவது, நான்காவது. மேனுவலில் அப்படித்தான் இருந்தது. இரண்டும் நன்றாக உட்கார்ந்திருக்கிறது, பார்த்துவிட்டேன்.

சித்தப்பா: ராம் டிடிஆர் 5 தானே? பிராசஸர் ரைசன் 7600 என்று சொன்னாய்.

வருண்: ஆமாம் சித்தப்பா. 16 ஜிபி இரண்டு.

சித்தப்பா: ஆன் செய்த பிறகு எவ்வளவு நேரம் விட்டுப் பார்த்தாய்?

வருண்: ஒரு நிமிடம் இருக்கும். வரவில்லை என்றதும் அணைத்துவிடுவேன்.

சித்தப்பா: அங்கேதான் இருக்கிறது விஷயம். புது போர்டு இந்த ராமை முதல் முறை பார்க்கிறது. எந்த வோல்டேஜில், எவ்வளவு தாமதத்தில் சிக்னல் அனுப்பினால் தப்பில்லாமல் போய்ச் சேர்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும். மெமரி டிரெயினிங் என்பார்கள். அது முடியும் வரை டிராம் லைட் எரியும், திரை கறுப்பாகவே இருக்கும், இடையில் தானாகவே அணைந்து எரியவும் செய்யலாம். சில நிமிடம் பிடிக்கும், சில போர்டில் பத்து நிமிடத்தையும் தாண்டும். உன் பிராசஸர் உட்காரும் இந்த ஏஎம்5 சாக்கெட் 2022-இல் வந்த புதிதில் இன்னும் மோசம். நீ பாதியில் அணைத்தால் அடுத்த தடவை முதலிலிருந்து தொடங்கும். இப்போது ஆன் செய்துவிட்டு அறையை விட்டு வெளியே வா. 15 நிமிடம்.

வருண்: 15 நிமிடமா? எரிந்துவிடாதா?

சித்தப்பா: கூலர் சுற்றுகிறதல்லவா, ஒன்றும் ஆகாது. போய் அந்தத் தோசையைச் சாப்பிடு.

மைதிலி அத்தை: அதைச் சொல்லு முதலில்.

நிலா: இவனை மூன்று நாளாக வீடியோ பார்த்தது போதும், மேனுவலைப் படி என்று சொன்னேன்.

வருண்: மேனுவலில் இது இல்லை. தேடிவிட்டேன்.

சித்தப்பா: பல மேனுவலில் இருக்காதுதான். ஒரு வரி பெரிய எழுத்தில் அட்டையிலேயே போட்டிருந்தால், ராம் ரிட்டர்ன் கேட்டு வருகிறவர்கள் பாதிப் பேர் குறைவார்கள். அதை மட்டும் போட மாட்டார்கள், கலர் ஸ்டிக்கர் இரண்டு ஷீட் வைப்பார்கள்.

பிரபு அத்தான்: அந்த நேரத்துக்குள் பயாஸ் அப்டேட் பென்டிரைவில் ரெடி செய்து வைக்கலாமே மாமா? புது பயாஸில் இந்த டிரெயினிங் சீக்கிரம் முடியும் என்று படித்தேன்.

சித்தப்பா: படித்தது சரி. ஆனால் இன்று வேண்டாம். பயாஸ் எழுதும்போது கரண்ட் போனால் போர்டு எழவே எழாமல் கல்லாகிவிடலாம். டிரெயினிங் நடக்கும்போது போனால் மறுபடி தொடங்கும், அவ்வளவுதான்.

அப்பா: நாளை காலை 9 முதல் 2 வரை பராமரிப்பு மின்தடை என்று மெசேஜ் வந்திருக்கிறது. டேங்கில் தண்ணீர் ஏற்றியாகிவிட்டதா என்று யாராவது பாருங்கள்.

நிலா: நான் கோயம்புத்தூரில் இருக்கிறேன் அப்பா.

அப்பா: உன்னைச் சொல்லவில்லை.

வருண்: மோட்டார் போட்டுவிட்டேன்.

வருண்: டிராம் லைட் அணைந்துவிட்டது!! இப்போது பூட் பக்கம் எரிகிறது. ஆனால் மானிட்டரில் நோ சிக்னல்.

சித்தப்பா: பூட் லைட் பற்றிக் கவலைப்படாதே, விண்டோஸ் இன்னும் போடவில்லை, எதிலிருந்து பூட் ஆகும்? எச்டிஎம்ஐ கேபிளை எங்கே சொருகியிருக்கிறாய், மேலே போர்டிலா, கீழே கிராபிக்ஸ் கார்டிலா?

வருண்: மேலே.

வருண்: புரிந்தது. கார்டில்தான் சொருக வேண்டும். மாற்றுகிறேன்.

வருண்: [படம்]

வருண்: வந்துவிட்டதுதுதுது

நிலா: 🎉🎉🎉🎉

மைதிலி அத்தை: முருகா 🙏 அந்தப் படத்தில் சிவப்பாக ஏதோ இருக்கிறதே, அது நல்லதுதானே?

வருண்: அது பயாஸ் டிசைன் அத்தை. எல்லாம் நல்லது.

பிரபு அத்தான்: மாப்ளே, படத்தில் மெமரி வேகம் 4800 என்று காட்டுகிறது. நீ வாங்கியது 6000 இல்லையா?

அப்பா: அப்படியென்றால் கடைக்காரன் ஏமாற்றிவிட்டானா? பில் என்னிடம் இருக்கிறது. நாளைக்கே போகிறேன்.

சித்தப்பா: அண்ணாச்சி, போக வேண்டாம். டிடிஆர் 5 எல்லாம் முதலில் பாதுகாப்பான அடிப்படை வேகத்தில்தான் எழும். பயாஸில் எக்ஸ்போ என்று ராம் வேகத்தைக் கூட்டும் செட்டிங் ஒன்று இருக்கும், அதை ஆன் செய்தால் 6000 வரும். ஆனால் வருண், இப்போது கை வைக்காதே. வேகத்தை மாற்றினால் மறுபடி டிரெயினிங், மறுபடி கறுப்புத் திரை, மறுபடி எனக்கு போன். முதலில் விண்டோஸ் போடு, இரண்டு நாள் ஓடட்டும், அப்புறம் மாற்று.

வருண்: சரி சித்தப்பா. பிராசஸர் சூடு 46 காட்டுகிறது, பரவாயில்லையா?

சித்தப்பா: தாராளமாக. சும்மா இருக்கும்போதே விறுவிறுவென்று 90-க்கு ஏறினால்தான் கூலர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். முன் பட்டன் வயரை மாற்றி மாட்டிவிட்டாயா, இல்லை தினமும் திருப்புளியால்தான் ஆன் செய்யப் போகிறாயா?

வருண்: 😅 இதோ. பின்னால் சுவிட்சை அணைத்துவிட்டு மாற்றுகிறேன்.

வருண்: விண்டோஸ் போட குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும். அப்பா, டிவி பக்கத்தில் சிவப்பில் ஒன்று கிடக்கிறதே, எடுத்துக்கொள்ளட்டுமா? உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

அப்பா: எடுத்துக்கொள்.

மைதிலி அத்தை: அண்ணே!! அது ஆச்சியின் சதாபிஷேக வீடியோ! நான் போன மாதம் கொடுத்தது. வேறு காப்பி கிடையாது.

அப்பா: வருண், எடுக்காதே.

வருண்: எடுக்கவில்லை எடுக்கவில்லை. லேப்டாப்பில் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறேன். 11 ஜிபி இருக்கிறது.

சித்தப்பா: காப்பி முடிந்ததும் ஒரு வீடியோவைத் திறந்து ஓட விட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் அழி. நான் தூங்கப் போகிறேன். அக்கா, அந்த வீடியோவை எனக்கும் அனுப்பு.